ஸ்கேட்போர்டு படத்துக்கு சிலிகான் ரோலர், ஃபிலிம் எங்கே கிடைக்குமுங்க?

திருப்பூர், கோவைப் பக்கம் பிரிண்டிங் தொழில்ல இருக்கறவங்க வழி சொல்லுங்க. ஏழு அடுக்கு மேப்பிள் பலகை, 8.25 அங்குல அகலம், அடிப்பக்கத்துல நாலு கலர் படம், மொத்தம் 20 போர்டு. ஃபிலிம்ல அடிச்ச படத்தைச் சூடு வச்சு அழுத்திப் பலகைக்கு மாத்தோணும்.

பனியனுக்குப் போடற ஃப்ளாட் ஹீட் பிரஸ் (தட்டையான சூட்டுத் தட்டால அழுத்தற மெஷின்) ஆகாதுங்க. பலகையோட அடிப்பக்கம் குறுக்குவாக்குல மேடா இருக்கும். தட்டு நடு முதுகுல மட்டும் உக்காரும். ஓரத்துல படம் பிடிக்காம ஃபிலிமோடயே திரும்பி வந்துரும். அழுத்தத்தைக் கூட்டினா நடுவுல கலர் பிதுங்குது. பிளாஸ்டிசால் மையும் வேண்டாம். 160 டிகிரியில துணி நூலைக் கவ்விக்கற மை, வார்னிஷ் மேல நகத்துல சொரண்டினாலே வந்துரும்.

வளைவுக்குத் தக்க அமுங்கற சூடான ரோலர்தான் சரி. 12 அங்குல உருளைக்கு சிலிகான் ரப்பர் ஏத்தித் தர்றவங்க கோவையில யாருங்க? கெட்டித்தன்மை ஷோர் ஏ 60 வாக்குல, 200 டிகிரி தாங்கோணும்.

அடுத்தது ஃபிலிம். படத்தைக் கண்ணாடி பிம்பமா அடிச்சு, கடைசியா வெள்ளை, அதுக்கு மேல பசை. வெள்ளை மெலிஞ்சா மரத்தோட நிறம் ஏறி மஞ்சள் அழுக்காத் தெரியும். 20 ஷீட்டுக்கு யாராச்சும் அடிச்சுத் தருவாங்களா? போர்டோட கம்பி மேல சறுக்கினா நடுப்படம் எப்படியும் தேயும், அது பரவாயில்லை. ஓரம் தானா உரியக் கூடாது.

ரெண்டு பாகத்தைக் கலந்து அடிக்கற எப்பாக்ஸி மையில மரத்து மேல நேரடியா ஸ்கிரீன் அடிக்கறவங்க இருந்தாலும், விலையோட சொல்லுங்க.