ஆயா வீடு (குடும்பக் குழு)

ராணி அத்தை: ஞாயித்துக்கிழமை ஒகேனக்கல்ல யாழினிக்கு மொட்டை, காதுகுத்து. வேன் பேசியாச்சா சேகரு?

சேகர் சித்தப்பா: பேசிட்டேங்க்கா. ஓசூர் ஃப்ரெண்டு வண்டி. வாடகை 4000, கிலோமீட்டருக்கு 22.

தமிழ்: மாமா, நம்ம கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு வண்டி 2500தான் கேக்குறாங்க

சேகர் சித்தப்பா: அவன் கிலோமீட்டருக்கு 28 டா. கணக்கு போட்டுட்டுதான் பேசுறேன். பிரியா நோட்டுலயே போட்டேன், இந்தா போட்டோ

சேகர் சித்தப்பா: 📷
4000 + 22கி < 2500 + 28கி
22கி − 28கி < 2500 − 4000
−6கி < −1500
கி < 250

சேகர் சித்தப்பா: 250க்கு கீழ ஓடுனா ஓசூர் வண்டி லாபம். போய்ட்டு வர சுமாரா 190தான். முடிஞ்சுது

மலர் சித்தி: ⏩ பலமுறை பகிரப்பட்டது
*அவசரம்!! ஒகேனக்கல்லில் நீர்வரத்து அதிகரிப்பு. குளிக்கவும் பரிசல் இயக்கவும் தடை. அனைவருக்கும் பகிரவும்*

ராணி அத்தை: ஐயோ

தேவி அக்கா: அத்தை அது போன வருஷத்து செய்தி 🤦‍♀️

மலர் சித்தி: எங்க அக்கா குரூப்புல இப்பதான் வந்துச்சு

வாத்தியார் மாமா: மாப்ளே, மூணாவது வரி வரைக்கும் சரி. நாலாவதுல குறி திரும்பணும். அசமன்பாட்டுல இருபுறமும் எதைக் கூட்டு, எதைக் கழி, குறி அப்படியே நிக்கும். மிகை எண்ணால பெருக்கு, வகு, அப்பவும் நிக்கும். குறை எண்ணால பெருக்கினாலோ வகுத்தாலோதான் < என்பது > ஆகும். 2 < 5 உண்மை. ரெண்டையும் −1ஆல பெருக்கிப் பாரு. −2, −5. எண்கோட்டுல எது வலப்பக்கம்? −2. அதனால −2 > −5. நீ −6ஆல வகுத்திருக்க. கி > 250ன்னு வரணும். அதாவது 250க்கு *மேல* ஓடினாதான் ஓசூர் வண்டி லாபம்.

தமிழ்: 😂😂

சேகர் சித்தப்பா: மாமா ரிடையர் ஆயிட்டீங்க

வாத்தியார் மாமா: குறை எண்ணே வேண்டாம்னா கி-யை வலப்பக்கம் கொண்டு போ. 4000 − 2500 < 28கி − 22கி. 1500 < 6கி. 250 < கி. அதே விடை.

பிரியா: மாமா நான் அப்பவே சொன்னேன். அப்பா கேக்கல

சேகர் சித்தப்பா: நீ போய் படி

வாத்தியார் மாமா: நம்ப வேண்டாம், சரிபார். வண்டி நகரவே இல்லன்னு வை, கி = 0. உன் விடைப்படி 0 < 250, ஓசூர் வண்டி லாபமா இருக்கணும். 4000 < 2500ஆ?

நான்: 🤐

வாத்தியார் மாமா: ஒரு எண்ணோட நிறுத்தக் கூடாது. எல்லையில ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு. 250ல ரெண்டு வண்டியும் 9500. 300ல ஓசூர் 10600, நம்மூரு 10900. 190ல ஓசூர் 8180, நம்மூரு 7820. பரீட்சையில பசங்க எல்லையை மட்டும் போட்டுப் பாத்துட்டு சரின்னு எழுதுவாங்க. எல்லை சரியா இருந்தும் திசை தப்பா இருக்கும், இப்ப நடந்த மாதிரி. இந்த < > குறிகள் அச்சுல வந்ததே 1631ல. தாமஸ் ஹாரியட்னு இங்கிலாந்துக்காரர் புத்தகம், அவர் செத்து பத்து வருஷம் கழிச்சு வந்துச்சு.

ராணி அத்தை: நல்ல காரியம் பேசறப்ப செத்தவங்க பேச்சு எதுக்குங்க

மலர் சித்தி: வர்றப்ப அதியமான்கோட்டை காலபைரவர் பாத்துட்டு வரலாம் அண்ணி

தேவி அக்கா: பாலக்கோடு பெரியம்மாவ யாரு கூட்டிட்டு வர்றது? போன காதுகுத்துல விட்டுட்டு போனத இன்னும் சொல்லிட்டிருக்காங்க

ராணி அத்தை: அவங்க மொய் நோட்டுல பேரே எழுதல, அதையும் சொல்லச் சொல்லு

சேகர் சித்தப்பா: பாத்தீங்களா. காலபைரவர், பாலக்கோடு எல்லாம் சேத்தா 250 தாண்டிடும். ஓசூர் வண்டியே லாபம்

தமிழ்: மாமா, ஓசூர் வண்டிக்கு மீட்டர் எங்கிருந்து?

நான்: அதானே

தமிழ்: மாமா???

சேகர் சித்தப்பா: செட்டுலேர்ந்து செட்டுக்கு. எல்லா வண்டியும் அப்படித்தான்

தமிழ்: நம்மூரு வண்டிக்கு செட்டு பஸ் ஸ்டாண்டுக்கு பின்னாடி

வாத்தியார் மாமா: இதை முதல்லயே சொல்லணும் மாப்ளே. ஓசூர் வந்து போக 100ன்னு வை. 4000 + 22(கி + 100) < 2500 + 28கி. அடைப்பை விரி. 6200 + 22கி < 2500 + 28கி. 3700 < 6கி. கி > 616.67. 616ல ஓசூர் 19752, நம்மூரு 19748. ஆகல. 617ல 19774, 19776. ஆச்சு. 617 கிலோமீட்டர் ஓடினாதான் உன் ஃப்ரெண்டு வண்டி லாபம்.

தமிழ்: கன்னியாகுமரில மொட்டை போட்டுக்கலாமா 😂

தேவி அக்கா: டேய் தாய்மாமா, நீ முதல்ல தோடு வாங்குனியா

தமிழ்: 👍

தேவி அக்கா: 👍ன்னா வாங்கிட்டியா இல்லையா

ஆயா: 🎤 0:41

நான்: ஆயா காவேரிப்பட்டணத்துல ரோட்டுமேலயே நிக்குமாம், முன் சீட்டு வேணுமாம். அப்புறம் பஸ்ஸுலயே போலாமேங்குது

சேகர் சித்தப்பா: அட்வான்ஸ் 2000 குடுத்துட்டேன்

ராணி அத்தை: யாரைக் கேட்டு??

மலர் சித்தி: எனக்கே இப்பதான் தெரியும் அண்ணி

வாத்தியார் மாமா: 2000 போனாலும் பரவால்ல. 190க்கு ஓசூர் 6200 + 4180 = 10380. நம்மூரு 7820 + போன 2000 = 9820. அப்பவும் 560 மிச்சம்.

சேகர் சித்தப்பா: டோல்கேட், டிரைவர் பேட்டா ரெண்டுக்கும் தனி. அத சேக்கல நீங்க

வாத்தியார் மாமா: ரெண்டு பக்கமும் ஒரே தொகைன்னா குறி மாறாது.

சேகர் சித்தப்பா: கேட்டுப் பாக்குறேன்

ராணி அத்தை: வண்டியவா, அட்வான்ஸையா?

மலர் சித்தி: மீன் அங்கயே வாங்கி வறுத்துக்கலாமா, இல்ல வீட்லேர்ந்து புளிசாதமா?

தேவி அக்கா: மொட்டை அன்னிக்கு மீனா அத்தை

பிரியா: எனக்கு மீன்

ராணி அத்தை: ஞாயித்துக்கிழமை அஷ்டமி இல்லயே? யாராவது காலண்டர் பாருங்க