கெல்லி துரை கோட்டை: யார் கதையை முதலில் சொல்வது?

தோட்டத்துப்பிள்ளை:
போன வாரம் சொந்தக்காரர்களை மலேசியாவில் பேராக் மாநிலத்துப் பத்து காஜா ஊருக்குக் கூட்டிப்போய், தோட்டத் துரை ஒருவர் பாதியில் விட்ட மாளிகையான கெல்லி கோட்டையைக் காட்டினேன். பக்கத்துக் கூட்டத்துக்கு ஒருவர் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். பேய், சுரங்கப்பாதை, துரை பெண்டாட்டிமேல் வைத்த ஆசை, இவ்வளவுதான். 1915இல் வேலை தொடங்கியபோது மதராஸ் பக்கமிருந்து வந்த நம் ஆட்களைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. அங்கே ஒரு விளக்கப் பலகை வைத்து, அவர்கள் கதையைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று மனுக் கொடுக்கலாம் என்கிறேன்.

கட்டடக்கிறுக்கன்:
அண்ணே, பேய்க்கதை எனக்கும் எரிச்சல்தான். ஆனால் கட்டடத்தை விட்டுவிட்டீர்களே! வில்லியம் கெல்லி ஸ்மித் 1870இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர், இருபது வயதில் மலாயா வந்து ரப்பரில் சம்பாதித்தவர். மேட்டில் ஒரு பங்களாவோடு திருப்திப்படுகிற துரை இல்லை இவர். ஆறு மாடிக் கோபுரம், அதற்குள் லிஃப்டுக்கு விட்ட குழி, மேலே மொட்டைமாடி. மூரிஷ் (வட ஆப்பிரிக்க முஸ்லிம் பாணி) வளைவும் ரோமானியத் தூணும் ஒரே வீட்டில்! இந்தக் கற்பனைதான் முதல் கதை.

தோட்டத்துப்பிள்ளை:
சென்னை உயர்நீதிமன்றத்தைப் பார்த்தவனுக்கு அந்த வளைவுகள் புதுசா தம்பி? செங்கலே இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தது. கட்டிய கையும் அங்கிருந்துதான்.

கட்டடக்கிறுக்கன்:
அந்த உயர்நீதிமன்றத்துக்குப் படம் போட்டதும் வெள்ளைக்காரர்தான் அண்ணே.

ஈப்போ பெரியம்மா:
கோயிலை ஏன் இரண்டு பேரும் மறந்தீர்கள்? விஷக்காய்ச்சலில் ஆட்கள் செத்து விழுந்தபோது, மாரியம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று கேட்டார்கள், துரை கட்டிக் கொடுத்தார். கோயில் மேலே சாமி சிலைகளோடு கோட்டுப் போட்ட ஓர் உருவம் நிற்கும். அது துரைதான் என்பார்கள். நன்றியில்லாமலா அங்கே வைத்தார்கள்?

தோட்டத்துப்பிள்ளை:
பெரியம்மா, ஆள் செத்தால் வேலை நிற்கும். அந்தக் கணக்கு துரைக்குத் தெரியாதா? கோயிலுக்கு இடம் விட்ட துரைமார் எத்தனையோ தோட்டத்தில் உண்டு. கோயில் இருந்தால் சனம் தோட்டத்தை விட்டுப் போகாது. ஆட்கள் குடியிருந்த லயத்தில் கூரை ஒழுகினால் மட்டும் அந்தத் தாராளத்தைக் காணோம்.

ஈப்போ பெரியம்மா:
கணக்காகவே இருக்கட்டுமப்பா. சிலை வைத்தவர்கள் நம்மாட்கள். அவர்களுக்கு விவரம் இல்லை என்கிறாயா? அதையும் சேர்த்துத்தானே அவர்கள் கதை?

தோட்டத்துப்பிள்ளை:
அப்படிச் சொல்லவில்லை பெரியம்மா. வேண்டுமென்று வைத்தார்களோ, வேலை வாங்கும் கங்காணி சொல்லி வைத்தார்களோ? அதைத்தான் கேட்கிறேன்.

புது ஆள்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். சண்டை எதற்கு? பாக்கி வேலையை முடித்து, பூச்சுப் பூசி, லிஃப்டும் மாட்டிவிட்டால் பார்க்க அரண்மனை போல இருக்குமே!

கட்டடக்கிறுக்கன்:
ஐயோ சாமி, வேண்டாம்! 1926இல் லிஸ்பனில் நிமோனியாவில் அவர் செத்தார். மனைவி எல்லாவற்றையும் ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்டு என்ற கம்பெனிக்கு விற்றுவிட்டார். நின்ற வேலை நின்றபடியே இருப்பதால்தான் வளைவுக்குள் செங்கலைச் சாய்த்துச் சாய்த்து எப்படி அடுக்கினார்கள் என்று இன்றைக்கும் பார்க்க முடிகிறது. பூசிவிட்டால் அது போச்சு.

தோட்டத்துப்பிள்ளை:
அடுக்கினது யார் தம்பி?

கட்டடக்கிறுக்கன்:
சரி அண்ணே, கொத்தனார்தான். பலகையில் அவரைப் பற்றி எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் துரைக்குக் கீழே.

தோட்டத்துப்பிள்ளை:
மேலே.