மறு: 'தூனார்ட்ஸ்ஹொய்னிங்' – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

பாட்டின் நடுவே அதே மெட்டை அப்படியே ஒரு படி மேலே தூக்கிப் பாடும் நுட்பத்துக்கு சுவீடிஷில் 'தூனார்ட்ஸ்ஹொய்னிங்' என்று பெயர். சுவீடன் பாடல் பற்றிய கட்டுரைக்காக அதற்குத் தமிழ்க் கலைச்சொல் கேட்டிருந்த தங்கைக்கு இதுவரை வந்த பரிந்துரைகள்: கிரகபேதம், சுருதியேற்றம், கியர் மாற்றம், கட்டையேற்றம். நான்குமே எனக்கு ஒப்பவில்லை. காரணத்தைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பாட்டைப் பார்த்துவிடுவோம். இழையில் பலர் பாட்டைக் கேட்காமலே சொல் தேடுகிறார்கள் என்று தோன்றுகிறது. சுவீடன் பாடகி கரோலா பாடிய 'ஃபோங்கட் ஆவ் என் ஸ்டோர்ம்வின்ட்' ஒரு காதல் பாட்டு. பெயரைப் 'புயல் காற்றில் சிக்கி' என்று சொல்லலாம். எழுதி இசையமைத்தவர் ஸ்டெஃபான் பெர்க். 1991 மே 4 அன்று ரோம் நகரின் சினெசித்தா படப்பிடிப்புத் தளத்தில், நாட்டுக்கு ஒரு பாட்டாக ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோவிஷன் போட்டி நடந்தது. 22 நாடுகள் கலந்துகொண்டன. சுவீடனும் பிரான்சும் ஆளுக்கு 146 புள்ளிகள். 12 புள்ளி கொடுத்த நாடுகளும் ஆளுக்கு நான்கு. அதிலும் சமன் என்பதால் 10 புள்ளி கொடுத்தவர்களை எண்ணினார்கள். சுவீடனுக்கு ஐந்து, பிரான்சுக்கு இரண்டு. கரோலா வென்றார்.

அன்றைய விதிப்படி ஒவ்வொரு நாடும் தன் மொழியில்தான் பாட வேண்டும். அப்போது சுவீடனின் மக்கள் தொகை சுமார் 86 லட்சம். நார்வேயும் டென்மார்க்கும் பாதியாவது புரிந்துகொள்ளும், பின்லாந்தில் சுவீடிஷ் ஆட்சிமொழிகளில் ஒன்று. அதைத் தாண்டிப் புள்ளி போட்ட நடுவர்கள் பெரும்பாலோருக்கு ஒரு சொல் கூடப் புரிந்திருக்காது. பாட்டு மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி வேறு. ஆக, காதலில் அடித்துச் செல்லப்படுகிறேன் என்பதை மெட்டுதான் சொல்லியாக வேண்டும். அதைச் செய்யும் இடம்தான் தங்கை பெயர் கேட்கும் இடம். பல்லவி காதுக்குப் பழகிவிட்டது, இடையில் நடனத்துக்கான துண்டும் முடிகிறது. திரும்பவும் அதே பல்லவிதானே வரப்போகிறது என்று நாம் உட்கார்ந்திருக்கும்போது மொத்தப் பாட்டும் ஒரு படி மேலே போய் நிற்கிறது. மெட்டு மாறவில்லை, தாளமும் மாறவில்லை. பாடுபவரின் குரல் மட்டும் தன் எல்லையை நோக்கி எட்டுகிறது. உடம்பு சிலிர்க்கிறது. சுவீடன்காரர்கள் இதற்குத்தான் 'தூனார்ட்ஸ்ஹொய்னிங்' என்று நேரடியாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஸ்தாயி அல்ல, ஒலியளவும் அல்ல. பாட்டு நிற்கும் ஆதாரமே உயர்வது.

இனி பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> கிரகபேதம் என்ற அருமையான சொல் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? வேண்டுமானால் பண்ணுப்பெயர்த்தல் என்று தூய தமிழில் சொல்லலாமே.

ஐயா, இரண்டும் அருமையான சொற்கள்தான். ஆனால் அவை வேறு வேலைக்குப் போட்ட சொற்கள். கிரகபேதத்தில் சுரங்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, ஆதார ஸட்ஜம், அதாவது 'ஸ' என்ற அடிப்படைச் சுரம், மட்டும் இடம் மாறுகிறது. ஹரிகாம்போதி ராகத்தின் சுரங்களை அப்படியே வைத்துக்கொண்டு இரண்டாம் சுரமான ரிஷபத்தை ஸட்ஜமாக எண்ணினால் நடபைரவி ராகம் பிறக்கிறது. பண்ணுப்பெயர்த்தலும் அதுதான், பழந்தமிழ் இசையின் இரண்டாம் சுரமான துத்தத்தைக் குரலாக, அதாவது முதல் சுரமாக, கொண்டால் வேறு பாலை, அதாவது வேறு சுரவரிசை. விளைவு புதிய ராகம். கரோலாவின் பாட்டில் நடப்பது இதற்கு நேர்எதிர்: எல்லாச் சுரங்களும் சேர்ந்து நகர்கின்றன, ராகம் அப்படியே இருக்கிறது. கிரகபேதம் என்று எழுதிவிட்டால், கர்நாடக இசை தெரிந்த வாசகர் கடைசிப் பல்லவியில் ராகம் மாறுகிறது என்று நினைத்துக் கேட்பார், ஏமாறுவார்.

நம் செவ்வியல் மரபில் இதற்குச் சொல் இல்லாததில் குறையொன்றும் இல்லை. அந்தச் செயலுக்கே அங்கு இடம் இல்லை. தம்புரா ஒரு ஸட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு கச்சேரி முழுக்க ஒலிக்கிறது. மிருதங்கத்தின் வலந்தலை அதே ஸட்ஜத்துக்குச் சேர்க்கப்பட்டிருக்கிறது. வயலின் தந்திகளும் அப்படியே. கீர்த்தனையின் கடைசிச் சரணத்தில் பாடகர் திடீரென்று அரைக்கட்டை மேலே போனால் மேடையிலுள்ள அத்தனை வாத்தியமும் பிசகாகிவிடும். குறிஞ்சி, செஞ்சுருட்டி போன்ற ராகங்களுக்கு மத்யம சுருதி, அதாவது 'ம'-வையே ஆதாரமாக, வைத்துக்கொள்வது உண்டு. அதுவும் பாட்டு தொடங்குமுன் செய்வது, நடுவில் அல்ல. ரோமில் கரோலாவுக்குப் பின்னால் வாசித்த குழுவில் ஆதாரத்தைப் பிடித்து நிற்கும் தம்புராவுக்கு இணையான எதுவும் கிடையாது. பன்னிரண்டு சமமான அரைப்படிகள் கொண்ட இசைமுறை அது. எந்தப் படியிலிருந்து எந்தப் படிக்குத் தாவினாலும் மெட்டு சேதமாகாது.

> சுருதியேற்றம் எளிமையாக, அழகாக இருக்கிறதே?

எனக்கும் முதலில் அதுதான் பிடித்தது. ஆனால் பாட்டு வாத்தியார் 'சுருதி ஏறுது' என்று சொன்னால் என்ன பொருள்? பாடுபவர் சேர வேண்டிய இடத்தில் சேராமல் மேலே போகிறார் என்று. அது குற்றம். திட்டமிட்டு, குழுவே ஒன்றாகச் செய்யும் நுட்பத்துக்கு அந்தப் பெயரை வைப்பது நியாயமில்லை. போதாததற்கு, 'சுதி ஏறியவன்' என்றால் ஊரில் யாரைச் சொல்வார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

கியர் மாற்றம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆங்கிலத்தில் லாரி ஓட்டுநர் கியர் போடுவதோடு ஒப்பிட்டுக் கேலியாகச் சொல்லும் வழக்கத்திலிருந்து வந்தது அது. கலைச்சொல் ஒரு நுட்பத்தை விவரிக்க வேண்டும், அதன் மேல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இந்த நுட்பம் எத்தனையோ பாடல்களில் தேய்ந்துபோயிருக்கலாம், இந்தப் பாட்டில் அது தேயவில்லை என்பது என் உறுதியான எண்ணம். புயலில் சிக்கியவளின் பாட்டு தரையிலேயே நின்று முடிந்தால்தான் பிழை.

கட்டையேற்றம் என்று எழுதிய தம்பி சரியான திசையில் போயிருக்கிறார். ஆர்மோனியம் வந்த நாளிலிருந்து நம் பாடகர்கள் ஆதார சுருதியைக் கட்டையில்தான் சொல்கிறார்கள். மேற்கத்திய சுரப்பெயரில் ஸி ஒரு கட்டை, டி இரண்டு, ஜி ஐந்து. நடுவிலுள்ள கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை என்று போகும். 'அவருக்கு என்ன கட்டை?' 'ஐந்தரை' என்றால் தெளிவாகிவிட்டது. ஒலிவாங்கி இல்லாத நாடக மேடையில் உயர்ந்த கட்டையில் பாடித்தான் கடைசி வரிசை வரை குரலைச் சேர்த்தார்கள். எட்டுக்கட்டைக் குரல் என்ற வழக்கு இன்றும் சங்கீதம் தெரியாதவர்கள் வாயிலும் புழங்குகிறது. மேற்கத்திய இசையில் 'கீ' என்பதன் ஒரு பாதிக்கு, அதாவது எந்த உயரத்தில் ஆதாரம் நிற்கிறது என்பதற்கு, இதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் எனக்குத் தெரியவில்லை. மறுபாதி, மேஜரா மைனரா என்பது, ராகத்தின் பக்கம் போய்விடும். நமக்கு இங்கே தேவை முதல் பாதி மட்டுமே.

என் தடை 'ஏற்றம்' மீதுதான். கட்டையில் ஏற்றுவது என்றால் கிராமத்தில் சுடுகாட்டு நினைவு வரும். காதல் பாட்டுக் கட்டுரையில் அது வேண்டாம். பாடகர்கள் இயல்பாகச் சொல்வதைக் கவனித்தால் விடை கிடைக்கும்: 'அரைக்கட்டை கூட்டிப் பாடு', 'வயசாச்சு, ஒரு கட்டை குறைச்சுக்கிட்டார்'. கூட்டுவது, குறைப்பது. ஆகவே என் பரிந்துரை கட்டை கூட்டல்.

இதில் எனக்குப் பிடித்தது, வினையாகவும் வளைந்துகொடுக்கிறது என்பது. கட்டை கூட்டினார், கட்டை கூட்டிய பல்லவி, கட்டை கூட்டாமல் முடித்தார். எவ்வளவு என்பதையும் உள்ளேயே சேர்க்கலாம்: அரைக்கட்டை கூட்டல், ஒரு கட்டை கூட்டல். இ-யிலிருந்து எஃப் போவதும் அரைப்படிதானே, ஆனால் மூன்று கட்டையிலிருந்து நான்கு கட்டை என்று ஆகிறதே என யாராவது கேட்பீர்கள். உண்மைதான், கட்டை எண்ணிக்கை அந்த இடத்தில் தாவும். அதனால் நுட்பமான ஆய்வில் 'அரைப்படி', 'முழுப்படி' என்று அளவைத் தனியாகச் சொல்லலாம், நுட்பத்தின் பெயர் கட்டை கூட்டலாகவே இருக்கட்டும். ஒலிப்பதிவுக் கூடத்தில் 'ஸ்கேல்' என்றுதான் சொல்கிறார்கள் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் ஸ்கேல் என்றால் சுரவரிசை என்றும் பொருள் வரும், எழுத்தில் அது குழப்பும்.

தங்கையின் கட்டுரையில் அந்த வரி இப்படி வரலாம்: 'நடனத் துண்டுக்குப் பின் பல்லவி கட்டை கூட்டித் திரும்புகிறது, அதுவரை அடங்கியிருந்த குரல் அங்கே முழுதாகத் திறக்கிறது.' 1983-இல் கரோலா பாடி மூன்றாம் இடம் பிடித்த 'ஃபிரெம்லிங்' பற்றிய பத்தியையும் விட்டுவிடாதீர்கள் அம்மா; எட்டு வருடத்தில் அந்தக் குரல் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பது அடுத்தடுத்துக் கேட்டால் தெரியும்.

கலைச்சொல் பட்டியலில் சேர்க்க: பொதுவாக எந்தத் திசையில் போனாலும் *கட்டை மாற்றம்*, மேலே போனால் *கட்டை கூட்டல்*, கீழே வந்தால் *கட்டை குறைத்தல்*. மெல்லிசைக் குழுவில் வாசிக்கும் நண்பர்கள் இந்தக் குழுமத்தில் இருக்கிறார்கள். மேடையில் பாட்டின் நடுவே இதைச் செய்யும்போது உங்களுக்குள் என்ன சொல்லிக்கொள்கிறீர்கள் என்று எழுதுங்கள். இதைவிட நல்ல சொல் அங்கே புழக்கத்தில் இருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம்.

அன்புடன்