சாலைச் சைக்கிளில் நான்கு மாதப் பயிற்சிக்குப் பிறகு மண் ஏற்றத்தில் பின்சக்கரம் வழுக்குகிறது – எதை மாற்றுவது?

மிதிக்காரன்: வணக்கம். சென்ற ஆண்டு முதல் எக்ஸ்சி (கிராஸ்-கன்ட்ரி, அதாவது மேடுபள்ளமான மண்பாதையில் சுற்றுச்சுற்றாக ஓட்டும்) வகை மலைச் சைக்கிள் போட்டிகளில் கலந்துகொள்கிறேன். என்னிடம் இருப்பது 29 அங்குலச் சக்கரங்களும் முன்பக்கத்தில் மட்டும் 100 மி.மீ. சஸ்பென்ஷனும் உள்ள ஹார்ட்டெயில். என் எடை 64 கிலோ. தெம்பைக் கூட்டிக்கொள்ளலாம் என்று பழைய சாலைச் சைக்கிள் ஒன்றை வாங்கி, கடந்த நான்கு மாதங்களாக வாரம் ஐந்து நாளும் அதிலேயே மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி சாலையில் ஏறி வருகிறேன். அந்த ஏற்றத்தில் எனக்கு ஆகும் நேரம் நன்றாகவே குறைந்துவிட்டது. ஆனால், முன்பு உட்கார்ந்தபடியே கடந்த மண் மேட்டில் இப்போது பின்சக்கரம் வழுக்கி, இறங்கித் தள்ள வேண்டியிருக்கிறது. இரண்டாவது சுற்றிலேயே இடுப்பு வலிக்கிறது. இறக்கத்தில் விரல்கள் மரத்துப்போகின்றன. பிரிட்டன் வீரர் டாம் பிட்காக் சாலைப் பந்தயங்களிலும் ஓட்டிக்கொண்டு டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் மலைச் சைக்கிள் தங்கம் வென்றாரே, எனக்கு மட்டும் ஏன் இப்படி? சாலைச் சைக்கிளை விற்பதா, ஹார்ட்டெயிலை விற்றுப் பின்பக்கமும் சஸ்பென்ஷன் உள்ளதை வாங்குவதா?

தேயிலைத்தடம்: இப்போதைக்கு எதையும் விற்க வேண்டாம். கிராங்க் (மிதியைத் தாங்கும் கை) சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இரண்டு சைக்கிளிலும் அளந்து சொல்லுங்கள். கிராங்கின் நீளம், மலைச் சைக்கிள் டயரின் காற்றழுத்தம், சாலையில் செங்குத்தான வளைவுகளில் எழுந்து நின்று மிதிக்கிறீர்களா என்பது ஆகியவையும் தெரிந்தால் நல்லது.

மிதிக்காரன்: சாலைச் சைக்கிளில் சீட் உயரம் 712 மி.மீ., கிராங்க் 170. மலைச் சைக்கிளில் 690, கிராங்க் 175. இறக்கத்துக்கு வசதியாக இருக்கட்டும் என்று ஒருமுறை சீட்டைத் தாழ்த்தினேன், பிறகு ஏற்றவே இல்லை. டயர்களில் டியூப் போட்டு 45 பிஎஸ்ஐ வைத்திருக்கிறேன். வளைவுகளில் எழுந்து நின்றுதான் மிதிக்கிறேன், வேறு வழியில்லை.

தேயிலைத்தடம்: அந்த 'வேறு வழியில்லை' என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சாலைச் சைக்கிளில் முன்னால் 34, பின்னால் 28 பல் என்றால் ஒரு முழு மிதிக்கு வண்டி ஏறத்தாழ இரண்டரை மீட்டர் நகரும். உங்கள் மலைச் சைக்கிளில் 32-க்கு 50 இருந்தால் ஒன்றரை மீட்டர்தான். எனவே செங்குத்தான இடம் வந்ததும் எழுந்து நிற்க நான்கு மாதமாக உடலைப் பழக்கியிருக்கிறீர்கள். தாரில் அதனால் நட்டமில்லை. தளர்ந்த மண்ணிலோ, எழுந்த மறுகணமே உடல் எடை முன்னால் போய்விட, பின்சக்கரம் பிடிமானமின்றிச் சுழல்கிறது. சீட்டின் முனைக்கு நகர்ந்து, முழங்கைகளைத் தாழ்த்தி, மார்பை ஹேண்டில்பாரை நோக்கிக் குனித்து, உட்கார்ந்தபடியே மிதியுங்கள். 45 பிஎஸ்ஐ உங்கள் எடைக்கு மிக அதிகம். டயர் கல்லில் பதியாமல் துள்ளுவதால் வழுக்கலும் கூடும், கை நடுக்கமும் கூடும். டியூப் இருப்பதால் மிகவும் இறக்கிவிடாமல் 28 அளவில் தொடங்கிப் பாருங்கள்.

சீட்டைப் பொறுத்தவரை, கிராங்க் 5 மி.மீ. நீளம் என்பதால் மிதி அடியில் இருக்கும்போது கால் அதே அளவு நீள்வதற்கு 707 வேண்டும். உங்களுடையது அதிலிருந்து 17 மி.மீ. தாழ்ந்திருக்கிறது. நீளமான கிராங்கும் தாழ்ந்த சீட்டும் சேர்ந்தால் மிதி மேலே வரும்போது தொடை வயிற்றை நெருங்கி, கீழ்முதுகு ஒவ்வொரு சுழற்சியிலும் வளைகிறது. ஒரே நாளில் ஏற்றாமல் வாரத்துக்கு 5 மி.மீ. ஏற்றுங்கள்.

கரடுமுரடு: பிட்காக் சிறு வயதிலிருந்தே சேற்றிலும் புல்லிலும் சைக்ளோகிராஸ் ஓட்டி வந்தவர், 2022-இல் அதில் உலகச் சாம்பியன், மண்ணில் ஓட்டும் கையும் காலும் அவருக்குச் சாலையில் வந்தவை அல்ல. உங்கள் கணக்கில் நான் குறை காண்பது வேறொன்றை. ஒலிம்பிக் வகை எக்ஸ்சி பந்தயம் முதல்நிலை வீரர்களுக்கு 80 முதல் 100 நிமிடம் வரை நடக்கும். அந்த நேரத்தில் கால் ஒரே சீராக உழைப்பதில்லை. அரை நிமிடம் முழு வேகம், பிறகு மிதிக்காமல் இறக்கம், மறுபடியும் ஒரு மேடு. இறக்கத்தில் கால் ஓய்ந்தாலும் கையும் தோளும் இறுகியே இருப்பதால் இதயத் துடிப்பு எளிதில் இறங்காது. கோத்தகிரிச் சாலை தருவதோ நீண்ட, சீரான உழைப்பு. அதை இரண்டு நாளுக்குக் குறைத்து, மூன்று நாள் போட்டிச் சைக்கிளிலேயே மண்ணில் ஓட்டுங்கள். வனத்துறைப் பாதைகளில் நுழையாதீர்கள். தோட்டத்துப் பாதை என்றால் உரிமையாளரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

பழையசங்கிலி: பின்பக்க சஸ்பென்ஷனுக்கு மாறிய பிறகு கடைசிச் சுற்றுகளில் எனக்குச் சோர்வு குறைந்தது உண்மைதான். ஆனால் எடையும் பராமரிப்புச் செலவும் கூடும், 17 மி.மீ. தாழ்ந்த சீட்டை அது சரிசெய்யாது.

மிதிக்காரன்: நான்கு வாரம் கழித்து எழுதுகிறேன். சீட் இப்போது 705-இல் இருக்கிறது. ஆசைப்பட்டுக் காற்றை 24 வரை இறக்கியதில் கல்லில் மோதி டியூப் இரண்டு இடத்தில் கிழிந்தது, இப்போது 28. அந்த மண் மேட்டில் ஐந்து முறைக்கு நான்கு முறை இறங்காமல் ஏறிவிடுகிறேன், இடுப்பு வலி நான்காவது சுற்றில்தான் தலைகாட்டுகிறது. விரல் மரத்துப்போவது மட்டும் பாதிதான் குறைந்திருக்கிறது.

தேயிலைத்தடம்: பிரேக்கை இரண்டு விரலால் பிடிக்கிறீர்களா? லீவரை உள்பக்கமாக நகர்த்தி, ஆள்காட்டி விரல் மட்டும் அதன் நுனியில் படும்படி வைத்து, மற்ற விரல்களால் பிடியைத் தளர்வாகப் பற்றிப் பாருங்கள். லீவரின் சாய்வையும் படம் எடுத்துப் போடுங்கள்.