பாலை மண்ணின் குளோரைடு அளவுகளைப் புரிந்துகொள்ள உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். பாலைநிலத்தில் மழைநீர் வேர்மண்டலத்தைக் கடந்து எவ்வளவு கீழிறங்குகிறது என்பதை, மண்ணில் இயற்கையாகச் சேரும் குளோரைடைக் கொண்டு கணக்கிட்டு வருகிறேன். மழையோடும் தூசியோடும் வந்து விழும் குளோரைடைச் செடிகள் பெரும்பாலும் உறிஞ்சுவதில்லை. நீர் மட்டும் ஆவியாகிவிட, உப்பு மண்ணிலேயே தங்குகிறது. எனவே ஆண்டுதோறும் படியும் குளோரைடை மண்நீரில் உள்ள செறிவால் வகுத்தால், கீழிறங்கும் நீரின் அளவு கிடைக்கும்.

சிக்கல் இங்கேதான். என் மண் மாதிரிகளில் வேர்மண்டலத்துக்குச் சற்றுக் கீழே செறிவு உச்சத்தைத் தொட்டு, அதற்கும் கீழே வெகுவாகக் குறைகிறது. அமெரிக்கத் தென்மேற்குப் பாலைநிலங்களிலும் இத்தகைய உச்சம் உண்டு; கடைசிப் பனியுகம் முடிந்து நிலம் வறண்டபின், சுமார் 10,000 ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்ந்த உப்பு அது என்று விளக்குகிறார்கள். ஆனால் நான் காணும் குறைவு பழைய ஈரக்காலத்தின் எச்சமா, அல்லது விரிசல்கள் வழியே விரைந்து இறங்கிய நீரால் நேர்ந்ததா என்பதை எப்படிப் பிரித்தறிவது?

1950-களின் அணுகுண்டுச் சோதனைகளால் பெருகிய குளோரின்-36 (குளோரினின் கதிரியக்க வடிவம்), குளோரைடு உச்சத்துக்குக் கீழே தென்பட்டால் விரைவான ஓட்டம் உறுதியாகும் என நினைக்கிறேன். அதே சோதனைகளால் பெருகிய டிரிட்டியம் (ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவம்) நீராவியாகவும் நகரும் என்பதால் அதை மட்டும் நம்பத் தயக்கமாக இருக்கிறது. இதில் அனுபவமுள்ளவர்கள், எத்தனை செ.மீ. இடைவெளியில் மாதிரி எடுப்பது நல்லது என்பதையும், தூசியால் வரும் குளோரைடை எப்படி அளந்தீர்கள் என்பதையும் தெரிவித்தால் மிகவும் உதவியாக இருக்கும்.