பசுங்கணிகத்திலிருந்து சர்க்கரை வெளியேற பாஸ்பேட் எதற்கு?

கேள்வி – தாவரவியல் மாணவி

வணக்கம். இலையிலிருந்து பிற உறுப்புகளுக்குச் செல்லும் சுக்ரோஸ், பசுங்கணிகத்துக்குள் அல்லாமல் சைட்டோசாலில்தான் (பசுங்கணிகத்துக்கு வெளியே உள்ள செல் திரவத்தில்) தயாராகிறது என்று படித்தேன். அப்படியானால் பசுங்கணிகத்தின் உறையைக் கடந்து வெளியே வருவது எது? பிரித்தெடுத்த பசுங்கணிகங்களைக் கரைசலில் இட்டுச் செய்யும் சோதனையில், பாஸ்பேட் இல்லாவிட்டாலும் ஒளிச்சேர்க்கை தளர்கிறது, மிகுந்துபோனாலும் தளர்கிறது என்கிறார்கள். இல்லாவிட்டால் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி (ATP) உருவாகாது என்பது புரிகிறது. மிகுந்தால் ஏன் தளர வேண்டும்? இரவில் ஸ்டார்ச் சிதையும்போதும் சர்க்கரை இதே வழியாகத்தான் வெளியேறுகிறதா?

மறுமொழி – ஸ்ட்ரோமா

பகலில் வெளியே வருவது பெரும்பாலும் ட்ரையோஸ் பாஸ்பேட், அதாவது மூன்று கார்பன் அணுக்களும் ஒரு பாஸ்பேட்டும் கொண்ட சிறு மூலக்கூறு. உறையின் உட்சவ்வில் இருக்கும் ட்ரையோஸ் பாஸ்பேட் இடமாற்றி என்ற புரதம் இதைப் பண்டமாற்றாகவே நடத்துகிறது: ஒரு ட்ரையோஸ் பாஸ்பேட் வெளியேற வேண்டுமானால், ஒரு கனிம பாஸ்பேட் உள்ளே வந்தாக வேண்டும். ஒளிச்சேர்க்கையின் இடைப்பொருளான 3-பாஸ்போகிளிசரேட்டையும் இதே புரதம் ஏற்கும் என்றாலும், ஒளியில் ஸ்ட்ரோமாவின், அதாவது பசுங்கணிகத்தின் உட்திரவத்தின், பிஎச் 8-ஐ ஒட்டி உயர்ந்துவிடுவதால் அம்மூலக்கூறு பெரும்பாலும் மூன்று எதிர்மின்னூட்டங்களுடன் இருக்கிறது. இடமாற்றி விரும்பி ஏற்பது இரண்டு மின்னூட்டம் உள்ளவற்றை என்பதால், அது உள்ளேயே தங்கிவிடுகிறது.

உங்கள் புதிருக்கு விடை, கார்பன் டைஆக்சைடைச் சர்க்கரையாக்கும் கால்வின் சுழற்சியின் கணக்கில் இருக்கிறது. உருவாகும் ஒவ்வொரு 6 ட்ரையோஸ் பாஸ்பேட்டிலும் 5, கார்பன் டைஆக்சைடை ஏற்கும் ரிபுலோஸ் பிஸ்பாஸ்பேட்டை மீண்டும் உருவாக்கவே செலவாகின்றன. மிச்சமான ஒன்றைத்தான் வெளியே அனுப்பலாம். வெளியே பாஸ்பேட் மிகுந்திருந்தால் அது உள்ளே பாய்ந்து, சுழற்சிக்கு வேண்டிய ஐந்திலிருந்தும் இழுத்து வெளியேற்றிவிடுகிறது. ஏற்பி மூலக்கூறு குறைந்து சுழற்சியே நின்றுபோகிறது. உயிருள்ள செல்லில் இந்தச் சமநிலையைக் காப்பது சுக்ரோஸ் உருவாக்கம்தான். ஒரு சுக்ரோஸுக்கு 12 கார்பன், அதாவது 4 ட்ரையோஸ் பாஸ்பேட் வேண்டும். சுக்ரோஸில் பாஸ்பேட் இல்லாததால், அந்த நான்கின் பாஸ்பேட்டுகளும் இறுதியில் விடுபட்டு மீண்டும் உறைக்குத் திரும்புகின்றன. சுக்ரோஸ் உருவாகும் வேகம் குறைந்தால் திரும்பும் பாஸ்பேட்டும் குறையும். உடனே ஸ்ட்ரோமாவில் 3-பாஸ்போகிளிசரேட் கூடி பாஸ்பேட் குறைய, ஸ்டார்ச் உருவாக்கத்துக்கான ஏடிபி-குளுக்கோஸ் பைரோபாஸ்பரைலேஸ் (ADP-glucose pyrophosphorylase) என்ற நொதி முடுக்கம் பெற்று, கார்பன் ஸ்டார்ச்சாகத் திரும்புகிறது. இலைத்துண்டுகளுக்கு மேனோஸ் என்ற சர்க்கரையை ஊட்டினால் இதைத் தெளிவாகக் காணலாம்: மேனோஸ் பாஸ்பேட்டைப் பிணைத்து முடக்கிவிட, அவ்விலைகளில் ஸ்டார்ச் குவிகிறது. எனக்கு இந்த ஒழுங்கமைப்பின் மிக அழகிய பகுதி இதுவே.

மறுமொழி – இரவுநேர இலை

இரவைப் பற்றி நான் சொல்கிறேன். ஸ்டார்ச் மணியின் மேற்பரப்பில் உள்ள குளுக்கோஸ் சங்கிலிகளுக்கு முதலில் குளுக்கன் வாட்டர் டைகைனேஸ் என்ற நொதி பாஸ்பேட்டைச் சேர்த்து, இறுகிய அடுக்கைத் தளர்த்துகிறது. பிறகு பீட்டா-அமைலேஸ் அச்சங்கிலிகளை, இரண்டு குளுக்கோஸ் இணைந்த மால்டோஸாக வெட்டுகிறது. இந்த மால்டோஸ், 2004-இல் அடையாளம் காணப்பட்ட மெக்ஸ்1 என்ற தனிக் கடத்தி வழியாக வெளியேறுகிறது. குளுக்கோஸின் ஒரு பகுதி வேறொரு கடத்தியால் செல்கிறது. ஆகவே வழி வேறு. இரண்டிலும் பாஸ்பேட் இல்லாததால், பகலில் நடக்கும் மாற்றீடும் இங்கே தேவைப்படுவதில்லை. மெக்ஸ்1 இல்லாத அராபிடாப்சிஸ் (ஆய்வுகளில் பெரிதும் பயன்படும் ஒரு சிறு செடி) செடிகளில் மால்டோஸ் மிகுதியாகத் தேங்கி, செடி குன்றி வெளிறிப்போகிறது.

தாவரவியல் மாணவி

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு துணைக்கேள்வி: பகல்நேர இடமாற்றியே இல்லாத செடி பிழைக்குமா?

மறுமொழி – ஸ்ட்ரோமா

அராபிடாப்சிஸில் பிழைக்கிறது, வழக்கமான சூழலில் ஏறத்தாழ இயல்பாகவே வளர்கிறது. வெளியேற முடியாத கார்பனை அது ஸ்டார்ச்சாக மாற்றி, பகலிலேயே அதைச் சிதைக்கவும் செய்து, நண்பர் மேலே சொன்ன இரவுநேர வழியில் மால்டோஸாகவும் குளுக்கோஸாகவும் அனுப்பிவிடுகிறது. ஆனால் ஸ்டார்ச் உருவாக்கும் திறனையும் சேர்த்து நீக்கிய இரட்டைச் சடுதிமாற்றச் செடிகளில் வளர்ச்சி கடுமையாகக் குன்றிவிடுகிறது. அதனால் ஸ்டார்ச்சை இரவுக்கான சேமிப்பு என்று மட்டும் சொல்லி நிறுத்துவது போதாது என்பது என் கருத்து: ஏற்றுமதி தடைபடும்போது சிக்கிக்கொள்ளும் பாஸ்பேட்டைப் பசுங்கணிகத்துக்குள்ளேயே விடுவித்து, சுழற்சியை நிற்காமல் ஓடச் செய்வதும் அதன் வேலைதான்.