ஆயா வீட்டுக் குழு: புது உத்தியோகம்

கோவைச் சின்னவள், காலை 7:05
எல்லாருக்கும் வணக்கம். நேற்று வேலையில் சேர்ந்துவிட்டேன். மனையியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். என்னோடு இன்னும் மூன்று பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். திங்கட்கிழமை முதல் வகுப்பு.

பள்ளத்தூர் அம்மான், 7:09
மெத்தச் சந்தோஷம் ஆத்தா. பிள்ளையார்பட்டியில் ஒரு தேங்காய் உடைத்துவிடுகிறேன். ஒரு சந்தேகம். வீட்டில் இத்தனை பெண்டுகள் இருக்க, குழம்பு வைக்கச் சொல்லிக்கொடுப்பதற்குப் பிஎச்.டி. எதற்கு?

தேவகோட்டை ஆச்சி, 7:10
அம்மான், உங்களுக்குக் குழம்பு வைக்கத் தெரியுமா?

பள்ளத்தூர் அம்மான், 7:10
சாப்பிடத் தெரியும்.

கோவைச் சின்னவள், 7:16
சாப்பாடும் சத்தும் அதில் ஒரு பிரிவுதான் அம்மான். துணி, குழந்தை வளர்ச்சி எல்லாம் தனித்தனி. என்னுடையது குடும்ப வள மேலாண்மை: வரவு செலவு, நேரம், நுகர்வோர் உரிமை. இந்தப் படிப்புக்கு வித்திட்ட எலன் ரிச்சர்ட்ஸ் வேதியியல் படித்தவர். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் 1873-இல் பட்டம் வாங்கிய முதல் பெண். மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குடிதண்ணீரைச் சோதித்தவர். அங்கே இப்போது இத்துறைக்குக் குடும்ப, நுகர்வோர் அறிவியல் என்றே பெயர்.

பள்ளத்தூர் அம்மான், 7:18
அப்படியானால் நம் ஊருணியையும் ஒரு நாள் வந்து பார்.

தேவகோட்டை ஆச்சி, 7:21
நுகர்வோர் என்றதும் என் மிக்சி ஞாபகம் வந்தது. வாங்கிய நான்கு மாதத்தில் இரண்டு முறை புகைந்துவிட்டது. மாவை அதிகமாக அரைத்தது என் தவறாம், கடைக்காரர் சொல்கிறார். வெள்ளைப் பணியாரத்துக்கு வெண்ணெயாக அரைக்காமல் நொய்யாகவா அரைப்பார்கள்?

கோவைச் சின்னவள், 7:22
பில் இருக்கிறதா ஆச்சி?

தேவகோட்டை ஆச்சி, 7:22
இருக்கிறது. அரிசி டப்பாவுக்குள்.

கோவைச் சின்னவள், 7:27
படம் பிடித்து அனுப்புங்கள். கடைக்கும் கம்பெனிக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். கடை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை.

பள்ளத்தூர் அம்மான், 7:28
குழம்பு பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

கோவைச் சின்னவள், 7:34
ஆயாவிடம் ஓர் உதவி வேண்டும். உங்கள் கல்யாணச் சாமான் நோட்டை வகுப்பில் காட்டலாமா? பிள்ளையார் சுழியும் மஞ்சள் கறையுமாக, நீளமாக இருக்குமே, அதுதான். மங்குத்தட்டு எத்தனை, தூக்குச்சட்டி எத்தனை, பித்தளை ஒவ்வொன்றும் என்ன எடை, பெயர் வெட்டியாயிற்றா என்று உங்கள் அப்பச்சி வரிவரியாக எழுதியிருக்கிறார். பட்டியல் போடுவது எப்படி என்று பிள்ளைகளுக்கு அதைக் காட்டினாலே போதும்.

தேவகோட்டை ஆச்சி, 7:41
ஆயா சொல்லச் சொல்ல எழுதுகிறேன்: "நோட்டு இரண்டாம் கட்டு அலமாரியில் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள். பித்தளை அண்டா 3 என்று போட்டிருக்கும். வீட்டில் இருப்பது 2. மூன்றாவது 1971-இல் உன் பெரியாத்தா இரவல் வாங்கிப்போனது. வகுப்பில் அதையும் சொல்."

காரைக்குடி பெரியாத்தா, 7:43
அந்த அண்டா ஓட்டை.

தேவகோட்டை ஆச்சி, 7:44
ஆயா கேட்கிறார்கள்: "ஓட்டை விழுந்தது யார் வீட்டில்?"